எந்த வார்டு என்று யார் முடிவு செய்வது?

எங்க பெரியம்மா மகள் நர்ஸ். 2023-இல் ஒருநாள் ராத்திரி டூட்டி முடித்துவிட்டு நேராக நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு வந்தாள். கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, ‘தம்பி, ஒரு வருசம் லீவு போட்டுட்டு மேல படிக்கப் போறன்டா. லோனு எதுனா கெடைக்குமா பாரு’ என்றாள். எனக்குச் சந்தோசம். டயாலிசிஸா, ஐ.சி.யு.வா என்று கேட்டேன். ‘மனநலம்’ என்றாள். எனக்குக் காதில் விழவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, ‘அதான்டா, மெண்டல் வார்டு’ என்று சத்தமாகச் சொன்னாள். பின்னால் நகைக்கடன் சீட்டோடு நின்றவர் சிரித்தார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்: ‘ஏங்க்கா, இத்தினி வருசம் பீ மூத்திரம் அள்ளுனது போதாதா?’

அவள் பதில் சொல்லவில்லை. கவுண்டரில் நூல் கட்டி வைத்திருக்கும் பேனாவைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டு நின்றாள். போய்விட்டாள்.

மன்னிப்பெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டாயிற்று. அதை எழுத இந்தப் பக்கங்கள் எதற்கு? அந்தக் கேள்வி எனக்குள் எங்கே உட்கார்ந்திருந்தது, யாருடைய கேள்வி அது என்பதைத்தான் தோழர்கள் முன்னால் வைக்க நினைக்கிறேன். கவிதை எழுதுகிறவன், அம்பேத்கர் படித்தவன், கூட்டங்களில் தீட்டைக் கட்டுடைத்துப் பேசுகிறவன் கேட்ட கேள்வி அது.

நான் மட்டுமா? விசயம் தெரிந்து வந்த தோழர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஐ.சி.யு. படித்தால் வளைகுடா போகலாம், அயர்லாந்து போகலாம் என்றார் ஒருவர். இன்னொருவர், ஓ.டி. நர்ஸ் என்றால் டாக்டருக்குச் சமமாக மரியாதை என்றார். மூன்றாவது தோழர் கொஞ்சம் தத்துவமாகப் பேசுகிறவர். நர்ஸ் வேலையே சேவை என்ற பேரில் நம்ம பொம்பளைங்களுக்குப் போட்ட நுகத்தடி, அதிலும் கீழே போவதா என்றார். மூன்று பேரும் அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. என்னிடம்தான் சொன்னார்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

இப்போது அந்த அறிவுரைகளை வரிசையாக அடுக்கிப் பார்க்கிறேன். ஒரு ஏணி தெரிகிறது. மேலே இருப்பதெல்லாம் மெஷின் இருக்கிற வேலை, பச்சை கவுன் போடுகிற வேலை, கண்ணாடிக் கதவுக்குள் நடக்கிற வேலை. கீழே தீப்புண் வார்டு, புற்றுநோயில் கடைசிக் கட்டம், பிரசவ வார்டு, எல்லாவற்றுக்கும் கீழே மனநலம். உடம்பின் கசிவு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு கீழே. மெஷினுக்குத் தீட்டில்லை. இந்த ஏணியை எந்த நர்சிங் கவுன்சிலும் போட்டுத் தரவில்லை. எம்.எஸ்சி. நர்சிங்கில் பொது மருத்துவ அறுவை, சமுதாய நலம், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் என்று ஐந்து பிரிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஏணி போட்டது நம்ம ஊர்தான். நாமும் அதில் கால் வைத்து நின்றுகொண்டுதான் பேசுகிறோம்.

எங்க ஆயா மருத்துவம் பார்த்தவள். பிரசவ மருத்துவம். ஊர்த் தெருவில் யாருக்கு வலி கண்டாலும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து கூப்பிடுவார்கள். ஆயா கொல்லைப்புறமாகப் போவாள். தொப்புள்கொடி அறுப்பாள், நஞ்சுக்கொடி புதைப்பாள், ரத்தத் துணி அலசுவாள். விடிந்ததும் முறத்தில் நெல்லும் ஒரு பழைய சேலையும் வாசலுக்கு வெளியே வைப்பார்கள். அவள் போன பிறகு அந்த இடத்தைக் கழுவிவிடுவார்கள். அவள் கையில் முதலில் விழுந்த பிள்ளைகள் வளர்ந்து அவளை ‘ஏய்’ என்று கூப்பிட்டன. ஆயா இந்த வேலையைத் தேர்ந்தெடுத்தாளா? அவளுடைய அம்மா பார்த்தாள், அதனால் அவளும் பார்த்தாள். 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ எழுதிய அம்பேத்கர் தோண்டிக் காட்டியது இதைத்தான். ஒருத்தனுக்கு எதில் திறமை, எதில் மனசு என்று சாதி கேட்பதே இல்லை. பிறக்கும் முன்பே வேலை எழுதப்பட்டு விடுகிறது.

நர்சிங் கதையும் ரொம்ப தூரமில்லை. சென்னை பொது மருத்துவமனையில் 1871-இல் நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கியது. 1926-இல் மதராஸ் நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. அந்தக் காலத்தில் சாதி இந்து வீடுகள் பெண்ணை இதற்கு அனுப்பவில்லை. அந்நிய ஆம்பள உடம்பைத் தொடுவதா, ராத்திரியில் வெளியே தங்குவதா என்று கேட்டார்கள். மிஷன் ஆஸ்பத்திரிகளில் வந்து நின்றவர்களில் ஏழைக் கிறிஸ்தவப் பெண்கள், விதவைகள், நம் சேரிகளிலிருந்து மதம் மாறிப் போனவர்கள் நிறைய. பிறகு அரசுச் சம்பளம் வந்தது, விசா வந்தது. தீட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டது. இன்றைக்கு எல்லாச் சாதியிலும் நர்ஸ் இருக்கிறார்கள். ஆனால் வார்டுக்குள்ளே டாக்டர், நர்ஸ், உதவியாளர், கழிவறை கழுவுகிற தூய்மைப் பணியாளர் என்று கீழே இறங்க இறங்க யார் முகம் தெரிகிறது என்று ஒருநாள் போய்ப் பாருங்கள்.

அக்கா 2009-இல் மூன்றரை வருட ஜி.என்.எம். படிப்பு முடித்தாள். முதலில் தனியார் ஆஸ்பத்திரி. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டிக்கொண்டு மாசம் மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்தார்கள். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கில் நர்சுகளை எடுத்தபோது அவளும் தேறினாள். தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு வருசத்தில் நிரந்தரம் என்றார்கள். ஆகவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் நர்சுகள் திரண்டு உட்கார்ந்தார்களே, அந்தக் கூட்டத்தில் அவளும் இருந்தாள். உயர்நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது, திரும்பினார்கள். பணி நிரந்தரம் அதற்கப்புறம் தவணை தவணையாக வந்தது. சங்க வேலை செய்கிற தோழர்கள் இதையெல்லாம் அறிவார்கள். நான் சொல்ல வருவது வேறு. இந்தப் பதினாலு வருசமும் அவளை யாரும் உனக்கு எந்த வேலை பிடிக்கும் என்று கேட்கவில்லை. ஆர்டரில் எந்த வார்டு என்று இருந்ததோ அந்த வார்டு. ஆயாவுக்குப் பிறப்பு எழுதியதை அக்காவுக்கு டூட்டி ரோஸ்டர் எழுதியது.

பொது வார்டு லேசுப்பட்ட இடமில்லை. போதனா மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற இடத்தில் ஐந்து பேருக்கு ஒருத்தர் என்பது நர்சிங் கவுன்சில் போட்ட கணக்கு. அக்கா ராத்திரியில் நாற்பது பேரைத் தனியாகப் பார்த்திருக்கிறாள். சர்க்கரை, பக்கவாதம், மஞ்சள் காமாலை, பாம்புக்கடி, விஷம், எல்லாம் அடுத்தடுத்த கட்டிலில். குளிப்பாட்டிவிடும்போதே ‘சிஸ்டர், நீங்க எந்த ஊரு? எந்தத் தெரு?’ என்று தூண்டில் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறாள். இவள் கையால் மாத்திரை வாங்கிக்கொண்டு, தண்ணி மட்டும் பொண்டாட்டி கொண்டுவரட்டும் என்று காத்திருந்த ஒரு பெரிய மனுசரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அந்தச் சிரிப்பு எனக்கு வராது.

மன்னிப்புக் கேட்கப் போன ஞாயிற்றுக்கிழமைதான் ஏன் மனநலம் என்று கேட்டேன். கருவாடு ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

பூச்சி மருந்து குடித்துவிட்டு வருகிற பெண்கள். வாரத்துக்கு ரெண்டு மூணு. டியூப், ஊசி, கண்விழித்துப் பார்க்கும் டூட்டி. பிழைத்துவிட்டால் அஞ்சாம் நாள் டிஸ்சார்ஜ். கேஸ் ஷீட்டில், பேப்பரில் எல்லாவற்றிலும் ‘தீராத வயிற்றுவலி’. வீட்டு ஜனமே வந்து வயித்துவலின்னு எழுதுங்கம்மா என்று காலில் விழும். போலீஸ் கேசாகிவிடும் என்ற பயம். ‘நம்ம காலனிப் பொண்ணு ஒண்ணு வந்துச்சு தம்பி. பத்தொம்போது வயசு. ஊர்ப் பையன் ஒருத்தனோட பழக்கம். அவன் ஆளுங்க வூட்டுக்கு வந்து என்னென்னமோ பேசியிருக்கானுங்க. அதுக்கு வயித்துவலியாம். ராத்திரி மூணு மணிக்கு முழிச்சிகினு என் கையப் புடிச்சிகிச்சி. எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலடா. டிரிப்ஸ் சரியா ஏறுதான்னு பாத்தன். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்.’

அந்தப் பெண் டிஸ்சார்ஜ் ஆகிப் போய் மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தாள். இந்தத் தடவை பிழைக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். கால் முறிந்து சேர்ந்த ஒரு கொத்தனார். மூன்றாம் நாள் ராத்திரி கட்டிலில் பூச்சி ஊருது என்று கத்துகிறார், கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது. காத்து கருப்பு அடிச்சிடுச்சு என்று அவர் வீட்டார் திருநீறு பூச, வார்டில் அவரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தினம் குடித்தவர் திடீரென்று குடி நின்றதால் ரெண்டு மூணு நாளில் வருகிற பிதற்றல் அது, விட்டால் உயிரே போகும் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. எங்கோ ஒரு டாக்டர் சொல்லக் கேட்டது. டூட்டி டாக்டரை எழுப்பி மருந்து போட வைத்தாள். 2003-இல் அரசாங்கமே டாஸ்மாக் கடையைச் சில்லறையில் திறந்ததிலிருந்து நம் தெருக்களுக்கு வந்த வியாதி இது. நாம் அதற்கு வைத்திருக்கிற பேர் ‘குடிகாரன்’.

சோறு தின்று முடித்துவிட்டுச் சொன்னாள்: ‘மெஷினு பாக்க ஆள் வராங்கடா. இதுக்கு வர மாட்டன்றாங்க. எனக்கு இதுல கை வருது. சும்மா கை வந்தா பத்தாது, படிச்சிட்டுச் செய்யணும்.’

இதுதான் நான் தவறவிட்ட இடம். ஆயா செய்ததும் அக்கா கேட்டதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலத் தெரிகிறது. யாரும் தொடாததைத் தொடுகிற வேலை. ஆனால் ஆயாவுக்கு மறுக்கிற வழி இல்லை. அக்காவுக்கு முன்னால் ஐந்தாறு கதவு இருந்தது, ஒன்றைத் தள்ளினாள். தொண்ணூறுகளில் நம் அண்ணன்கள் பறையை வைத்துச் சண்டை போட்டார்கள். சாவுக்கு அடிப்பதை விட்டெறி என்று ஒரு பக்கம், விடுதலைக் கருவியாகக் கையிலெடு என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஊர்க்காரன் ஆள் அனுப்பினால் அடிப்பது வேறு, நாமே தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குவது வேறு என்று கடைசியில் எல்லோருக்கும் புரிந்தது. பறைக்குப் புரிந்த நமக்கு நர்ஸ் வேலைக்கு வரும்போது புரியவில்லை. கலைக்கு மேடை இருக்கிறது. மலச்சட்டிக்கு மேடை இல்லை, அதனாலோ என்னவோ.

மனநலத்தில் படிக்க என்ன இருக்கிறது, பைத்தியத்தைப் பிடித்து உட்கார வைப்பதுதானே என்று நினைப்பவர்களுக்கு அவள் நோட்டுப் புத்தகத்தைக் காட்ட ஆசை. லித்தியம் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் மருந்தளவு கொஞ்சம் ஏறினாலே நஞ்சு. கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கை முதலில் பார்க்க வேண்டியது பக்கத்தில் இருக்கிற நர்ஸ். சில மருந்துக்கு உடம்பு விறைத்துக் காய்ச்சல் ஏறும், அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டால் ஆள் போய்விடுவார். குழப்பமாகப் பேசுகிற கிழவிக்குப் பைத்தியமா, சோடியம் குறைந்துவிட்டதா, மூத்திரத்தில் கிருமியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் பொது வார்டில் கழிந்த பதினாலு வருசம் வேலைக்கு ஆகிறது. நேராக மனநலத்துக்கு வந்த சின்னப் பெண்களுக்குப் பிடிபடாதது அவளுக்குப் பிடிபட்டது. ஒரு துறைக்குப் போவதென்றால் பழையதைத் துடைத்துப்போட்டுவிட்டுப் போவது என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் தப்பு.

சட்டம் என்று ஒன்று இருப்பதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் வெந்து செத்தார்கள். சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அதற்கு எத்தனையோ வருசம் கழித்து, 2017-இல் வந்து 2018 மே முதல் நடப்பில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. மயக்கம் கொடுக்காமல் மின்னதிர்ச்சி கூடாது என்கிறது. அதன் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டம் வந்தபோது பழைய 309-ஆம் பிரிவே போய்விட்டது. ஆனால் அக்கா பார்த்த வார்டில் அப்புறமும் ‘வயிற்றுவலி’ தான் எழுதினார்கள். சட்டப்படி அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். அந்த ஆளாகத்தான் இவள் போக நினைத்தாள். அதைத்தான் நான் பீ மூத்திரம் என்றேன்.

நம் இயக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ள வேண்டாம். 2016 ஜனவரியில் ரோகித் வெமுலா, 2017 செப்டம்பரில் அனிதா. நிறுவனக் கொலை என்றோம், சரியாகத்தான் சொன்னோம். சுவரொட்டி ஒட்டினோம், நான் கவிதைகூட எழுதினேன். செத்த பிறகு நாம் வேகமாக வருகிறோம். சாகும் முன்னால், ராத்திரி மூணு மணிக்கு, விடுதி அறையில் முழித்திருக்கிற நம்ம பிள்ளைகள் யார் கையைப் பிடிப்பார்கள்? மனசு கஷ்டமாயிருக்கு என்று வருகிற மாணவத் தோழரிடம் நாம் என்ன சொல்லுகிறோம்? அரசியல்படுத்திக்கொள் என்கிறோம். சொல்லுகிறவனுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. கேட்டவன் முழித்திருக்கிறான். நம்ம சாதி அவமானம் என்னவென்று சொல்லாமலே தெரிந்த ஒரு நர்ஸ் அந்த வார்டில் இருப்பது அரசியல் இல்லையா? சினிமாவில் ‘கீழ்ப்பாக்கம்’ என்று சொன்னால் இன்றைக்கும் நாமும் சேர்ந்துதானே சிரிக்கிறோம். 1794-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. இரண்டு நூற்றாண்டாக அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சிரிப்புதான் பட்டம்.

பணத்துக்கு வருகிறேன், அது இல்லாமல் தேர்வு என்ற பேச்சே ஏமாற்று. பதிவு பெற்ற நர்சாக ஒரு வருசம் வேலை பார்த்திருந்தால் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமாவுக்கு விண்ணப்பிக்கலாம். சொல்ல எளிது. அக்காவுக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கிடைக்கவில்லை. ஒரு வருசச் சம்பளம் போயிற்று, பெரியம்மா பேரில் இருந்த நகை அடகுக்குப் போயிற்று, என் பேரில் ஒரு தனிநபர் கடன். நான் ஜே.ஏ.ஐ.ஐ.பி. பாஸ் செய்தேன். ஒருநாள்கூட வேலையை விட்டு விலகவில்லை, கேஷ் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டே படித்தேன், இன்கிரிமெண்ட் வந்தது. பணம் எண்ணுகிற கைக்கு இருக்கிற கணக்கு, மனுசரைத் தொடுகிற கைக்கு இல்லை. ஒப்பந்தத்தில் இருக்கிற நர்சுக்கு இதுவும் இல்லை, விடுப்புக் கேட்டால் வேலையே இருக்காது. அவள் விருப்பம் என்ன என்று யார் கேட்பது? இடஒதுக்கீட்டில் வேலைக்குள் வந்தோம், சரி. வந்த பிறகு மேற்படிப்புக்கு யாரைச் சம்பளத்தோடு அனுப்புகிறார்கள், எந்தத் துறைக்கு, அந்தப் பட்டியலில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று எந்தக் கூட்டத்திலாவது கேட்டிருக்கிறோமா? நான் கேட்டதில்லை. கலந்தாய்வில் டாக்டர் சீட்டைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம்.

படிப்பு முடித்து அக்கா திரும்பிவிட்டாள். முதல் மாதம் ஒரு விஷம் குடித்த கேஸ், ஆம்பளப் பையன். மனநலப் பிரிவுக்கு அனுப்பவேண்டும் என்று இவளே டாக்டரிடம் பேசி எழுத வைத்தாள். வயிற்றுவலி என்று எழுதவில்லை. பையனோட அம்மாவிடம் சட்டம் மாறியதைச் சொன்னாளாம். அந்தம்மா நம்பவில்லையாம். போலீஸ் வராதுன்னு நீ எழுதிக் குடு என்றாளாம். அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கையெழுத்தும் போட்டு.

போன வாரம் அவளுக்குப் போஸ்டிங் ஆர்டர் வந்தது. எலும்பு முறிவு வார்டு. மனநலப் பிரிவில் நர்ஸ் பணியிடம் காலி என்று அவளுக்குத் தெரியும், ஆர்டர் போட்டவருக்கும் தெரியும். நர்ஸ் என்றால் எந்த வார்டும் பார்க்க வேண்டியதுதான் என்று பதில். மனு எழுதிவிட்டோம். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அடைமொழியெல்லாம் வேண்டாம்டா என்று நாலு இடத்தில் அடிக்கச் சொன்னாள். திங்கட்கிழமை நேரில் கொடுக்கப் போகிறாள், நான் அரைநாள் லீவு சொல்லியிருக்கிறேன்.